முட்டொழுங்கை

உப்புவெளியில் முதல் நாள்
நாற்பத்தொரு நாய்களுக்கு நீலம் பூசினோம்.
மறுநாள் எண்ணியதில் கண்ணில் பட்டவை ஐம்பத்திரண்டு,
நீலம் அவற்றில் பத்தொன்பது.
பெருக்கி வகுத்து
நூற்றுப்பன்னிரண்டு என்று எழுதினேன்.
நாய் பிடிக்கும் குகநேசன் எட்டிப் பார்த்தார்:
"நூற்றுப்பதினாலு, மிஸ்.
ரெண்டு பகலில வெளிய வராதுகள்."

நாயின் தோலுக்கடியில் ஒரு புழு,
தையல்காரர் பல்லால் கடித்துத் துப்பிய
வெள்ளை நூல்போல.
அதன் குஞ்சுகள் இரத்தத்தில் மிதந்து
நுளம்பு வரும்வரை காத்திருக்கும்,
நிலாவெளி கடைசி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் போல
பொறுமையாக, பொறுமையில்லாமல்.
நுளம்பு ஏற்றிக்கொள்ளும்.
இரண்டு கிழமையில் இன்னொரு நாயில் இறக்கிவிடும்.

இவ்வளவும் ஏழு வகையீட்டுச் சமன்பாடுகள்.
நாய்க்கு நா, நுளம்புக்கு நு என்று வைத்தேன்.
நாவுக்கு எழுத்திலேயே கால் இருக்கிறது.
நுவுக்கு இறக்கை போட
அரிச்சுவடியில் வழியில்லை.

மனிதருக்கு எழுத்தே வைக்கவில்லை.
வழிதவறி எங்களுக்குள் நுழைகிற புழு
ஊரும், வீங்கும், பெருகாது.
எங்களிடமிருந்து எதுவும்
எந்த நுளம்புக்கும் திரும்பிப் போவதில்லை.
கணக்கின் கண்ணில் நாங்கள் முட்டொழுங்கை.
தாயத்தில் எங்கள் நிரல்
மேலிருந்து கீழ்வரை பூச்சியம்.

நகரசபைக் கூட்டத்தன்று வாசலில்
மான்கள் இரண்டு சுவரொட்டி கிழித்துத் தின்றுகொண்டிருந்தன.
உள்ளே, தேத்தண்ணி ஆறுமுன்னே ஒருவர் கேட்டார்:
"எல்லாத்தையும் பிடிச்சு ஏத்திவிட்டா என்ன?"
ஏற்றிவிட்டுப் பார்த்தேன், திரையில்.
கோடு விழுந்தது.
நாலு மாதம் நல்ல பிள்ளையாய்க் கிடந்தது.
ஐப்பசி மழைக்கு எழும்பியது,
முன்னிலும் உயரமாக.
குப்பைமேடு எத்தனை வாயைத் தாங்குமோ
அத்தனை வாயும் திரும்ப வரும்,
நோய் தெரியாத புதுக்குட்டிகளாக.

மாத்திரைதான் வழி என்றேன்.
நூற்றில் அறுபத்தாறு நாய்க்கு, மாதம் தவறாமல்.
நூற்றுப்பன்னிரண்டு என்றால் எழுபத்துநாலு.
நூற்றுப்பதினாலு என்றால் எழுபத்தாறு.
அந்த இரண்டு
எனக்குத் தசமமாகவும்
குகநேசனுக்கு முகமாகவும் இருந்தன.

அதற்கிடையில் என் இடது கண்ணிமை.

முதலில் கட்டி என்று நினைத்தேன்.
கட்டி இரவில் இடம் மாறியது.
இமைக்குள் யாரோ ஊசி இல்லாமல்
நூல் கோர்ப்பதுபோல.
பெரியாஸ்பத்திரியில் டொக்டர் நஸ்மிலா
கிள்ளுமுளையால் இழுத்தெடுத்தார்,
பதினொரு சென்ரிமீற்றர்,
போத்தலுக்குள் போட்டபிறகும் ஒரு வளைவு வளைந்தது.
"எங்க கடிச்சது, தெரியுமா?"
தெரியாது.
ஒரு நுளம்பு ஒரு நாளில் எத்தனை தரம் கடிக்கும்,
நாலாம் தசமதானம்வரை தெரியும்.
எந்த இரவு, எந்தத் திண்ணாத நுளம்பு,
எவருடைய நாய், தெரியாது.

தையல் பிரிக்குமுன்
எட்டாவது சமன்பாடு எழுதினேன், மனிதருக்கு.
'ம' என்று வைத்தேன்.
விடை மாறவில்லை.
மாறாது என்று எனக்கு முன்பே தெரியும்.
அழிக்கவுமில்லை.

பிறகு ஓர் இரவு பத்தரைக்கு
மீன்வாடிப் பக்கம் போனோம்.
குகநேசன் சூடைமீனின் வயிற்றைக் கீறி
மாத்திரையை வைத்து மூடினார்.
கவிழ்த்த வள்ளத்துக்குப் பின்னிருந்து
அந்த இரண்டும் வந்தன,
ஒன்றுக்கு ஒரு காது பாதி.
நீலமே படாத முதுகுகள்.
என் கணக்கில் பிறக்காதவை.

பெட்டை முழுசாய் விழுங்கியது.
கடுவன் மீனைத் தின்றது,
மென்றது,
யோசித்தது,
மாத்திரையை மட்டும் மணலில் துப்பிவிட்டு
கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

குகநேசன் டோர்ச்சை அணைத்தார்.
"இதுக்கும் ஒரு எழுத்து வையுங்கோ, மிஸ்."